நீக்கப்பட்ட பதினொரு வரிகள்

"நேத்து விடிய எழும்பினதில இருந்து படுக்கைக்குப் போகும் வரைக்கும் என்னென்ன சாப்பிட்டனீங்கள், என்னென்ன குடிச்சனீங்கள் எண்டு சொல்லுங்கோ. ஒண்டையும் மறைக்க வேண்டாம். இதில சரி பிழை எண்டு எதுவும் இல்லை."

2023ஆம் ஆண்டு ஐந்து மாதங்களுக்குள் பிரேமிளா இதை நூற்றுப் பத்துப் பேரிடம் கேட்டாள். ஒவ்வொருவரிடமும் இரண்டு தடவை, பத்து நாள் இடைவெளி விட்டு. வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி மூன்று மாவட்டங்களிலும் வயது வந்தவர்கள் என்ன மாதிரி உண்கிறார்கள் என்று அறிய நடந்த ஆய்வு அது. ஆறு பேர் வீடு வீடாகப் போனார்கள். அவர்களில் பிரேமிளாதான் மூத்தவள், முப்பத்தெட்டு வயது.

இந்த வேலைக்கு அவள் புதியவள் அல்ல. போர் முடிந்த வருடம் மெனிக் பாம் அகதி முகாமில் இருபத்துநாலு வயதில், ஊட்டம் குறைந்ததா என்று பார்க்கக் குழந்தைகளின் மேற்கையை நாடாவால் அளந்து எழுதத் தொடங்கியவள். உயர்தரத்தில் கணிதம் படித்தவள் என்று அங்கே யாரோ கண்டுபிடித்து அவள் கையில் ஒரு கொப்பியைக் கொடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகு வன்னிக்கு வந்த எந்தச் சேர்வேயும் அவளைத் தாண்டிப் போகவில்லை. கூரை எண்ணினாள், கிணறு எண்ணினாள், மலசலகூடம் எண்ணினாள், கை கால் இழந்தவர்களை எண்ணினாள். ஒன்று முடிந்தால் அடுத்தது வரும்வரை வவுனியாவில் வாடகை அறையில் காத்திருப்பாள்.

சனம் பொய் சொல்லும் என்பது அவளுக்குத் தெரியும். சாப்பாட்டைப் பற்றித்தான் அதிகம் சொல்லும். வெறுஞ்சோறும் சம்பலும் தின்றவர்கள் மீன்குழம்பு என்று சொல்வார்கள். கண் மட்டும் குசினி அடுப்புப் பக்கம் போய் வரும். பிரேமிளா முகத்தைச் சுளிக்க மாட்டாள். "என்ன மீன் அக்கா?" என்று கேட்பாள். பதில் தடுமாறினால், "நேத்தோ, முந்தநாளோ? எனக்கும் நாள் மாறிப்போறது" என்று அவளே ஒரு வழி திறந்து விடுவாள். "ஓம் பிள்ளை, முந்தநாள்தான்" என்று அந்தப் பெண் ஆறுதலாகச் சொல்லுவாள். மீன் அந்தப் படிவத்தில் இருந்து அழியும். யாருக்கும் அவமானம் இல்லை.

அவளுடைய தாய் தகப்பன் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு ஓடி வந்தவர்கள். நெடுங்கேணியில் இருந்து காட்டோரமாகப் போகும் பாதையில் ஒரு குடியேற்றத்தில் அரை ஏக்கர் மேட்டு நிலத்தில் இருந்துகொண்டார்கள். தகப்பன் ராசு கடைசி இடப்பெயர்வில் செத்துப்போனார். தாய் சுப்பம்மாவும் தம்பி ஜனகனும் பிரேமிளாவும் மிஞ்சினார்கள். வெளியில் பிரேமிளா வன்னிப் பேச்சுத்தான் பேசுவாள். பல வீடுகளில் அவளை யாழ்ப்பாணத்துப் பிள்ளை என்று நினைத்தார்கள். தாயிடம் மட்டும் தோட்டத்துப் பேச்சு வரும்.

அவளுக்கு இரண்டு தடவை கல்யாணம் பேசி நின்றுபோனது. இரண்டாவது தடவை மாப்பிள்ளையின் தாய், "பிள்ளை நல்ல பிள்ளைதான், ஆனால் தோட்டத்துச் சனமெல்லோ" என்று தரகரிடம் சொன்னது அவள் காதுக்கு வந்தது. அதற்குப் பிறகு கல்யாணப் பேச்சை எடுக்கவேண்டாம் என்று விட்டாள். அடுத்த வருடம் ஜனகன் ஜெயரூபியைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். ஜெயரூபியின் பெற்றோர் யாழ்ப்பாணத் தீபகற்பத்தில் இருந்து குளத்துப் பாசனக் காணி கிடைத்து வந்து நெல் விதைப்பவர்கள். மகளின் கல்யாணத்துக்கு அவர்கள் வரவில்லை. பிரேமிளா வந்தாள், மாலையை எடுத்துக் கொடுத்தாள், சிரித்தாள். ஆனால் மனதுக்குள் ஒரு கதவைச் சாத்தி வைத்துக்கொண்டாள். இந்தப் பெண்ணும் என்றாவது ஒரு நாள் அந்தச் சொல்லைச் சொல்லத்தான் போகிறாள் என்று பதினொரு வருடமாகக் காத்திருந்தாள். ஜெயரூபி சொல்லவில்லை. பிரேமிளா காத்திருப்பதை விடவும் இல்லை.

இரண்டு ஞாயிறுக்கு ஒரு தடவை தாயைப் பார்க்கப் போவாள். பழம் வாங்கிக்கொண்டு போன காலம் ஒன்று இருந்தது. பிறகு சுப்பம்மாவே, "பழமெல்லாம் வேணாம் புள்ள, பிஸ்கட்டு வாங்கிட்டு வா, தேத்தண்ணியில நனைச்சித் திம்பேன்" என்றாள். பல் போய்விட்டது என்று பிரேமிளா நினைத்தாள். வயதானவர்கள் கேட்பதுதானே.

*

ஆய்வுக்குப் பொறுப்பான புள்ளிவிபரவியலாளர் செந்தூரன். கிளிநொச்சியில் பிறந்து, வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பி வந்தவர். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும், தலை நரைத்திருந்தது. பயிற்சியின் முதல் நாள் வெள்ளைப் பலகையில் ஒன்றும் எழுதாமல் கதைத்தே விளங்கப்படுத்தினார்.

"ஒவ்வொரு சாப்பாட்டையும் தனியத் தனியப் பாத்தால் ஒண்டும் தெரியாது. பாண் எவ்வளவு, பருப்பு எவ்வளவு எண்டு பாத்து என்ன செய்யிறது? ஆனால் பாண் கூட வாங்கிற வீட்டில பருப்பும் சீனியும் கூடும். அதே வீட்டில முருங்கை இலை குறையும். எது எதோட சேந்து வருது, எது வந்தால் எது போகுது எண்டு கணக்கு தானாப் பிடிக்கும். அறுநூறு பேரின்ர வாயில இருந்து வந்ததை நாலைஞ்சு கோலமாச் சுருக்கித் தரும். நாங்கள் செய்யிறது அதுக்குப் பேர் வைக்கிறது மட்டும்தான்."

"பேரைப் பிழையா வைச்சால், சேர்?" என்று கேட்டாள் பிரேமிளா.

செந்தூரன் சிரித்தார். "கணக்குக்கு ஒண்டும் நடக்காது. வாசிக்கிறவைதான் பிழையா விளங்குவினம்."

களவேலை முடிந்ததும் மற்ற ஐந்து பேரையும் அனுப்பிவிட்டு பிரேமிளாவை மட்டும் தரவு சரிபார்க்க வைத்துக்கொண்டார். வவுனியாவில் ஒரு மாடியில் ஒரு சின்ன அறை, ஒரு மின்விசிறி, இரண்டு கதிரை, இரண்டு கணினி. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் வெயிலில் நிற்காமல் சம்பளம் எடுத்தாள். அந்த இரண்டு மாதமும் அவளுக்கு நன்றாக இருந்தது. மாலைகளில் செந்தூரன் திரையைத் திருப்பிக் காட்டுவார். சோறு, கருவாடு, இலைக்கறி, தேங்காய் ஒரு பக்கமாகக் குவியும். பாண், பருப்பு, சீனி, பிஸ்கட், வெறுந்தேத்தண்ணி இன்னொரு பக்கம். கோழி, முட்டை, பால்மா, சோடா வேறொரு மூலை. முதலாவதற்கு வயல் முறை என்றும் இரண்டாவதற்குக் கடை முறை என்றும் மூன்றாவதற்குப் பட்டின முறை என்றும் பேர் வைத்தார்கள். 'வயல் முறை' அவள் சொன்ன பேர். தான் சைக்கிளில் போய்த் திறந்த படலைகள் எல்லாம் மூன்று குவியல்களாக வந்து நிற்பதைப் பார்க்க அவளுக்கு வியப்பாக இருந்தது.

கணக்குக்கு விடுமுன் ஒரு சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. ஒரு நாளைக்கு ஐந்நூறு கலோரிக்குக் குறைவாகவும் மூவாயிரத்து ஐந்நூறுக்கு மேலாகவும் உண்டதாகச் சொன்ன பெண்களை எடுத்துவிட வேண்டும். ஆண்களுக்கு வேறு எல்லை. அப்படி உண்டு ஒருவரும் இருக்க முடியாது, ஆகவே சொன்னது பிழை என்பது உலகம் முழுக்க ஆய்வாளர்கள் வைத்திருக்கும் வழக்கம். அறுநூற்றுப் பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் கீழ் எல்லைக்கும் கீழே விழுந்தார்கள். தட்டச்சுப் பிழையா என்று மூலப் படிவத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி செந்தூரன் அந்தப் பதினொரு வரிகளையும் அச்செடுத்து பிரேமிளாவிடம் கொடுத்தார்.

பெயர் இருக்காது. இலக்கம் மட்டும்தான். ஆறாவது வரியில் அவள் நின்றாள்.

கிராமம் பதினான்கு. பெண். வயது அறுபத்தேழு. பிறந்த இடம் நுவரெலியா மாவட்டம். பள்ளிக்கூடம் போகவில்லை. விதவை. வீட்டில் ஐந்து பேர். கோழி பன்னிரண்டு. நிறை முப்பத்துநாலு கிலோ. முதல் நாள்: வெறுந்தேத்தண்ணி மூன்று கோப்பை, பிஸ்கட் நாலு, கஞ்சித் தண்ணி அரைக் கோப்பை. முந்நூற்று எழுபது கலோரி. பத்து நாள் கழித்து இரண்டாவது நாள்: வெறுந்தேத்தண்ணி மூன்று, பிஸ்கட் மூன்று, கஞ்சித் தண்ணி அரைக் கோப்பை. முந்நூற்று நாற்பது.

கிராமம் பதினான்கு அவளுடைய சொந்தக் கிராமம். உறவினர் வீட்டுக்கு யாரும் போகக்கூடாது என்ற விதியால் அங்கே அஜந்தன் என்ற பெடியன்தான் போயிருந்தான். பல்கலைக்கழகம் முடித்த, கவனமான பெடியன். பிழையாக எழுதுகிறவன் இல்லை.

பிரேமிளா எழுந்து தண்ணீர் குடித்தாள். திரும்ப வந்து இருந்தாள்.

"சேர், இதுகளை எடுக்கத்தான் வேணுமோ?"

"ஏன்?"

"இரண்டு நாளும் ஒரே மாதிரிக் கிடக்கு. பொய் சொல்லுறவை பத்து நாள் கழிச்சு அதே பொய்யைச் சொல்ல மாட்டினம் சேர். மறந்துபோவினம்."

செந்தூரன் கடதாசியை வாங்கிப் பார்த்தார். "நீங்கள் சொல்லுறது விளங்குது. ஆனால் இவ்வளவைச் சாப்பிட்டு ஒரு மனுசர் உயிரோட இருக்கேலாது பிரேமிளா. இப்பிடி நாலு வரி உள்ள கிடந்தால் குவியலெல்லாம் இழுபட்டுப்போகும். வழக்கப்படி எடுப்பம்."

"உயிரோட இருக்கினம் சேர்" என்றாள் அவள்.

அவருக்கு அது விளங்கவில்லை. அவளும் விளங்கப்படுத்தவில்லை. தட்டச்சுப் பிழை இல்லை என்று பதினொரு வரிக்கும் எதிரே எழுதிக் கொடுத்துவிட்டு, தலையிடி என்று சொல்லி மத்தியானத்துக்கு முன்பே அறையை விட்டு இறங்கினாள்.

*

புளியங்குளத்தில் திரும்பி நெடுங்கேணி போகும் பஸ்ஸில் யன்னலோரம் இருந்தபடி அவள் தனக்குள் ஒரு முடிவைக் கட்டிக்கொண்டு போனாள். ஐந்து பேர் உள்ள வீடு. பன்னிரண்டு கோழி. அடுப்பில் இரண்டு நேரமும் சோறு. அதற்குள் ஒரு கிழவிக்கு மட்டும் கஞ்சித் தண்ணி. பதினொரு வருடமாக அவள் காத்திருந்த சொல் சொல்லாமலே செய்யப்பட்டுவிட்டது என்று நினைத்தாள். நெடுங்கேணிச் சந்தையில் இறங்கி அரைக் கிலோ குளத்து மீன் வாங்கினாள். ஓட்டோவில் போனாள்.

ஜெயரூபி முற்றத்தில் உழுந்து காயப்போட்டுக்கொண்டு நின்றாள். ஜனகன் வேலைக்குப் போயிருந்தான், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். "வாங்கோ மச்சாள், இண்டைக்கு லீவோ?" என்றாள்.

"அம்மாவுக்கு என்ன சாப்பாடு குடுக்கிறனீ?"

ஜெயரூபி நிமிர்ந்து பார்த்தாள். "என்ன?"

"என்ன குடுக்கிறனீ எண்டு கேட்டனான். முப்பத்துநாலு கிலோ மனுசி. நீங்கள் நாலு பேரும் சோறும் முட்டையும் தின்னுறியள், அவாக்குக் கஞ்சித் தண்ணியோ? தோட்டத்துக் கிழவிக்கு அது காணும் எண்டு நினைச்சனீயோ?"

அதற்குப் பிறகும் சொன்னாள். ஜெயரூபியின் தாய் தகப்பனைப் பற்றிச் சொன்னாள். பக்கத்து வளவில் விறகு கொத்திக்கொண்டு நின்ற ராக்காயி கோடரியை நிறுத்திவிட்டுக் கேட்கும் அளவுக்குச் சொன்னாள். தன் வாயில் இத்தனை சொற்கள் இருந்தது அவளுக்கே தெரியாது.

ஜெயரூபி அழவில்லை. கையில் ஒட்டியிருந்த உழுந்துத் தூசைத் தட்டினாள்.

"கஞ்சித் தண்ணி எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது? முப்பத்துநாலு கிலோ எண்டு ஆர் சொன்னது?"

பிரேமிளா மீன் பையை மற்றக் கைக்கு மாற்றினாள்.

"எங்கட வீட்டில ஒரு தம்பி வந்து எழுதிக்கொண்டு போனவர். சொல்லுறதெல்லாம் இரகசியம், ஒருத்தருக்கும் தெரியவராது எண்டு மாமியிட்டக் கைநாட்டு வாங்கினவர். நீங்கள் அதை எடுத்துப் பாத்தனீங்களோ?"

"அதை விடு. நீ..."

"நான் ஒவ்வொரு நாளும் கோப்பையில சோறு போட்டுக் குடுக்கிறனான். பிறகு சாப்பிடுறன் பிள்ளை, பிறகு சாப்பிடுறன் எண்டு கொண்டுபோய்க் கோழிக்குப் போட்டிட்டு வருவா. நான் கண்டனான். கேக்கேல்ல. என்ன கேக்கிறது? என்ட சமையல் அவாக்குப் பிடிக்கேல்ல எண்டு நினைச்சன். ஒரு வருசமா உறைப்பைக் குறைச்சன், தேங்காயைக் கூட்டினன், உங்கட ஆக்கள் வைக்கிற மாதிரி ராக்காயி மாமியிட்டக் கேட்டு ரசம் வைச்சன். எல்லாம் கோழிக்குத்தான் போச்சு."

பிரேமிளா அதை நம்பவில்லை. நேரே குசினிக்குப் போனாள். அந்தக் குசினியில் அவள் அதுவரை அடுப்பு மூட்டியதில்லை. மீனை வெட்டிக் குழம்பு வைத்தாள், சோற்றைக் குழைய விட்டாள். ஜெயரூபி வாசலில் நின்று பார்த்தாள். எந்த டப்பாவில் புளி என்று அவள் தேடியபோது கையால் காட்டினாள்.

சுப்பம்மா பின்பக்கத்து மரநிழலில் பலகைக் கட்டையில் இருந்தாள். மடியில் வெற்றிலைப் பை. தேயிலைத் தோட்டத்தில் பன்னிரண்டு வயதில் கொழுந்து பறிக்கத் தொடங்கியபோது குளிருக்கு வாயில் போட்ட வெற்றிலையும் புகையிலையும் ஐம்பத்தைந்து வருடமாக அவள் கன்னத்தை விட்டு இறங்கியதில்லை.

"எப்ப வந்த புள்ள?" என்றாள். சத்தம் மூக்கால் வந்தது போல் இருந்தது. சில மாதங்களாகவே அப்படித்தான் என்று பிரேமிளாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அம்மா, மீன் கொழம்பு வச்சிருக்கேன். நான் ஊட்டுறேன், வாயத் தொற."

"வேணாம் புள்ள. இப்பதான் தேத்தண்ணி குடிச்சேன்."

"ரெண்டு வாய் திங்கம்மா."

"சொல்றேன்ல, வேணாம்."

பிரேமிளா விடவில்லை. முள் எடுத்துப் பிசைந்து ஒரு சின்ன உருண்டையாக உதட்டருகே கொண்டுபோனாள். சுப்பம்மா மகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். ஒரு விரல் அகலத்துக்கு மேல் அது திறக்கவில்லை. உருண்டை உதட்டில் பட்டுச் சிதறியது. உள்ளே போன கொஞ்சத்தை நாக்கால் தள்ளப் பார்த்து, கண்ணில் நீர் வந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். துப்பியபோது வெற்றிலைச் சிவப்போடு வேறொரு சிவப்பும் வந்தது.

"எவ்வளவு நாளா இப்படி?"

"போன தைக்கு முன்னால இருந்து."

"ஏன் சொல்லல?"

"சொன்னா ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டுப் போவீங்க. அங்க வெத்தலைய விடச் சொல்லுவாங்க. கன்னத்த அறுக்கணும்பாங்க. தோட்டத்துல பாத்திருக்கேன்." பிறகு, "அந்த மருமக பாவம். அதுகிட்டச் சொல்லிராத" என்றாள்.

"அஜந்தன்கிட்ட மட்டும் எப்படி உண்மையச் சொன்ன? அந்த எழுத வந்த தம்பிகிட்ட?"

"அந்தப் புள்ள முன்னால உக்காந்து கேட்டுச்சி. ஒண்ணையும் மறைக்க வேணாம்மா, எது சொன்னாலும் பிழை இல்லன்னு சொல்லிச்சி. ஒரு மணி நேரம் இருந்து கேட்டுச்சி." அவள் முந்தானையால் வாயைத் துடைத்தாள். "அப்படி யாரும் எங்கிட்டக் கேட்டதில்லையே."

ஜெயரூபி பின்னால் வந்து நின்றதை பிரேமிளா அதுவரை பார்க்கவில்லை. அவள் கையில் தண்ணீர்ச் செம்பு இருந்தது. அதைச் சுப்பம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, ஜனகனுக்குத் தொலைபேசி எடுக்க உள்ளே போனாள்.

*

வவுனியாவில் பார்த்த டாக்டர் ஒரு சின்ன விளக்கை அந்த ஒரு விரல் இடைவெளிக்குள் பிடித்துப் பார்த்தார். கன்னத்துக்குள் புற்றுநோய், கழுத்துக்கும் இறங்கிவிட்டது என்றார். தெல்லிப்பளைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே மின்கதிர் கொடுத்தார்கள். வெட்டி எடுக்கும் நிலையைத் தாண்டிவிட்டது என்பதால் சுப்பம்மா பயந்த அறுவை நடக்கவே இல்லை. மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

தெல்லிப்பளையில் வாட்டுக்கு வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்த ஒரு பகலில் பிரேமிளா செந்தூரனுக்குத் தொலைபேசி எடுத்து எல்லாவற்றையும் சொன்னாள். தான் வரியை அடையாளம் கண்டது, அதை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனது, அங்கே சொன்னது.

"நீங்கள் எனக்குச் சொல்லாமல் விட்டிருக்கலாம்" என்றார் செந்தூரன்.

"என்ட மச்சாள் கேட்டவா சேர். இரகசியம் எண்டு கைநாட்டு வாங்கினது, நீங்கள் பாத்தனீங்களோ எண்டு. நான் பதில் சொல்லேல்ல. ஒருத்தருக்காவது சொல்ல வேணும்."

அவர் நேர்மையான மனிதர். நேர்மையானவராக இருந்ததால் ஆய்வின் ஒழுக்கநெறிக் குழுவுக்கு எழுதத்தான் வேண்டியிருந்தது. குழு பிரேமிளாவைத் திட்டவில்லை, தண்டிக்கவும் இல்லை. பங்குபற்றியவர்களை அடையாளம் காணக்கூடிய ஒருவர் தரவு அறையில் இருக்கக் கூடாது என்று மட்டும் இரண்டு வரியில் பதில் வந்தது. அவளுடைய கதிரைக்கு வேறொரு பிள்ளையை எடுத்தார்கள்.

ஆனால் செந்தூரன் அதோடு விடவில்லை. அஜந்தனைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டு மற்றப் பத்துப் பேரிடமும் அனுப்பினார். ஒருவர் விரத நாட்களில் அகப்பட்டவர். இரண்டு படிவத்தில் அளவு பிழையாகக் குறிக்கப்பட்டிருந்தது. நாலு பேர் நோயாளிகள். மற்ற மூன்று பேருக்கு ஒரு நோயும் இல்லை. சொன்னதைத்தான் உண்டிருந்தார்கள், ஏனென்றால் வீட்டில் வேறொன்றும் இருக்கவில்லை. அவர்களில் செட்டிகுளம் பக்கத்து வடிவம்மா என்ற பெண், "அண்டைக்குச் சொன்னதை நீங்கள் நம்பேல்லையோ தம்பி?" என்று கேட்டாராம். அஜந்தன் அதைச் சொல்லிவிட்டு ஒரு கிழமை லீவு எடுத்தான்.

செந்தூரன் இதை அறிக்கையில் ஒன்றரைப் பக்கமாக எழுதினார். எல்லைக்கு வெளியே விழுகிறவர்கள் எல்லோரும் பொய் சொல்பவர்கள் அல்ல, இரண்டு நாளும் ஒத்துப்போனால் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும் என்று எழுதினார். அறிக்கை கொழும்புக்குப் போய், சுருங்கி, வெளியே வந்தபோது அந்த ஒன்றரைப் பக்கம் ஒரு வசனமாக நின்றது: நம்பத்தகாத சக்தி உள்ளெடுப்பைக் கூறிய பதினொரு பேர் பகுப்பாய்வில் சேர்க்கப்படவில்லை. செந்தூரன் அதற்காகச் சண்டை பிடித்தார் என்று பிரேமிளா பின்னால் கேள்விப்பட்டாள்.

சுப்பம்மா ஐந்து மாதம் இருந்தாள். பிரேமிளா வாடகை அறையை விட்டுவிட்டுத் தம்பி வீட்டுக்கு வந்தாள். ஆனால் குழாய் வழியாக உணவு கொடுக்கும் வேலை அவளிடம் வரவில்லை. ஜெயரூபி அதை ஆஸ்பத்திரியில் தாதியிடம் நின்று பழகிக்கொண்டு வந்திருந்தாள். பருப்பும் சோறும் முட்டையும் அவித்து, அரைத்து, இரண்டு தடவை துணியில் வடித்து, ஊசியில்லாத சிறிஞ்சால் இரண்டு மணிக்கொரு தடவை மெதுவாக இறக்குவாள். ஒவ்வொரு தடவையும், "மாமி, இப்ப பருப்புத் தண்ணி வருது", "மாமி, இது முட்டை" என்று சொல்லித்தான் கொடுப்பாள். நாக்குக்குத் தெரியாத சாப்பாட்டை ஒருவர் தெரிந்து உண்ண வேண்டும் என்று அவள் நினைத்திருக்கலாம். சுப்பம்மா கண்ணை மூடித் திறப்பாள். மூன்றாவது மாதத்தில் நிறை முப்பத்தாறு ஆனது. பிறகு இறங்கியது.

ஒரு நாள் ஜெயரூபி வடித்துக்கொண்டிருக்கையில் பிரேமிளா பக்கத்தில் போய் இருந்தாள். "நான் அண்டைக்குக் கதைச்சது பிழை. என்னை மன்னிச்சுக்கொள்" என்றாள்.

"பரவாயில்லை மச்சாள்."

"உன்ட அம்மா அப்பாவைப் பற்றியும் சொல்லிப்போட்டன்."

"ஓம். ராக்காயி மாமியும் கேட்டவா." ஜெயரூபி துணியைப் பிழிந்தாள். "பரவாயில்லை. இந்தக் கிண்ணத்தைப் பிடியுங்கோ."

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அதோடு சண்டையாவது பிடித்திருக்கலாம்.

மாசி மாதம் ஒரு காலையில் சுப்பம்மா போய்விட்டாள். ஜெயரூபியின் தாய் தகப்பன் முதல் தடவையாக அந்த வீட்டுப் படலைக்குள் வந்தார்கள். தகப்பன் இளையதம்பி பாடை கட்டக் கை கொடுத்தார். பிரேமிளாவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது; ஜெயரூபி சொல்லியிருக்க மாட்டாள்.

அடுத்த வருடம் செந்தூரன் அவளை அழைத்தார். இரண்டாம் கட்ட ஆய்வு தொடங்கப்போகிறது, எல்லைக்குக் கீழே வருகிறவர்களிடம் உடனே திரும்பிப் போகும் ஒழுங்கைச் சேர்த்திருக்கிறார்கள், மெல்லவும் விழுங்கவும் முடிகிறதா என்று ஒரு கேள்வியும் வருகிறது, தரவு அறை இல்லை, களத்துக்குத்தான், வருவீர்களா என்று கேட்டார்.

"அந்தக் கேள்வியைச் சேத்தது நல்லம் சேர்" என்றாள். "ஆனால் நான் வரேல்ல. என்னாலை இனி ஒரு வீட்டில போய் இருந்து கேக்கேலாது."

"உங்களைப் போலக் கேக்கிறதுக்கு எனக்கு ஆக்கள் இல்லை பிரேமிளா."

"தெரியும் சேர்" என்று சொல்லி வைத்தாள்.

இப்போது அவள் மாங்குளத்தில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தையல் நிலையத்தில் பாடசாலைச் சட்டைகளுக்குப் பட்டன் தைக்கிறாள். ஜனகன் மாதத்தில் ஒரு தடவை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவான். ஜெயரூபி ஏன் வரவில்லை என்று அவன் சொல்வதில்லை, பிரேமிளா கேட்பதும் இல்லை. போன மாதம் பிள்ளைகளில் மூத்தவள் ஒரு சாப்பாட்டுப் பெட்டியை நீட்டி, "அம்மா தந்து விட்டவா" என்றாள். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் இருந்தது. பிரேமிளா சாப்பிட்டுவிட்டு, பெட்டியைக் கழுவித் துடைத்து, பிள்ளையிடம் கொடுத்தாள். ஜெயரூபிக்கு ஏதாவது சொல்லிவிடலாமா என்று யோசித்தாள். ஜனகன் மோட்டார்சைக்கிளை உதைத்துவிட்டான். றோட்டில் வந்த பஸ்ஸின் இரைச்சலும் சேர்ந்துகொண்டது. பிள்ளைகள் கை காட்டினார்கள். அவளும் காட்டிவிட்டு உள்ளே போனாள்.